காமாலைக் கண்ணும் கறுப்புப் பெட்டியும்

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழந்தை டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். ஆஸ்பத்திரியின் மாடிக் கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திரையில், பிறந்து சில நாளே ஆன நான்கு குழந்தைகள் படுத்திருந்த வாக்கில் அப்படியே நின்றுபோயின.

"இந்த நாலுல காமாலை யாருக்கு இருக்கு? சொல்லுங்க பாக்கலாம்" என்றார் டாக்டர்.

நர்ஸ்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் முன்வரிசை நர்ஸ் ஒருத்தி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மூணாவது குழந்தைக்குங்களா டாக்டர்? ரொம்பச் சோர்வா இருக்கு."

"அது தூங்குதும்மா."

எல்லோரும் சிரித்தார்கள், டாக்டரைத் தவிர. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபடி பின்வரிசைக்கு வந்தார். அங்கேதான் படத்தைக் கேமராவில் எடுத்த அண்ணனும், எடுத்ததை வெட்டி ஒட்டி நிறம் திருத்திய தங்கையும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டாவதுக்கும் நாலாவதுக்கும் காமாலை. நானே தூக்கிட்டு வந்து படுக்க வச்ச குழந்தைங்க. இப்போ பாத்தா எனக்கே அடையாளம் தெரியலை. எல்லாம் நிலா வெளிச்சத்துல கிடக்கிற மாதிரி நீலமா இருக்கு" என்றார் டாக்டர். "ரத்தம் பாத்தாத்தான் காமாலைன்னு நிச்சயம் பண்ண முடியும், வாஸ்தவம். ஆனா ரத்தம் பாக்கணும்னு முதல்ல சொல்றது ஒரு கண்ணுதானே? அந்தக் கண்ணைப் பழக்கத்தான் இந்தப் படமே."

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் அவள் காலை மிதித்தார்.

"அடுத்த வகுப்புக்குள்ள சரிபண்ணிக் கொடுங்க. இல்லேன்னா வேற ஆளைத்தான் பாக்கணும். நெஞ்சுல விரலை அழுத்திக் காட்டி ஒப்பிட, நோய் இல்லாத குழந்தை ஒண்ணையும் புதுசா எடுத்துடுங்க. வார்டுல ஒண்ணு இருக்கு. சீக்கிரம் எடுங்க, அது வீட்டுக்குப் போகப்போகுது."

டாக்டர் அதிகம் பேசாத மனுஷி. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது இருவருக்கும்.

தங்கைக்கு வீட்டில் 'கத்தரி' என்று பெயர். படம் வெட்டுகிறவள் என்பதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மை அதுவல்ல. ஐந்து வயதிலேயே அடுத்தவர் பேச்சைப் பாதியில் வெட்டுகிறவள் என்று பெயரெடுத்துவிட்டாள். 'சரி சரி, புரியுது' என்று அவள் சொன்னால் எதிரில் இருப்பவர் மிச்சத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, நாற்பது தாண்டிய பிறகு அண்ணனிடம் எடிட்டிங் கற்றுக்கொண்டாள். அதுவரை திறப்பு விழாக்களும் கடை விளம்பரங்களும்தான் செய்துவந்தார்கள். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை அவளே தனியாகக் கட்டிய முதல் படம் இந்தக் காமாலைப் படம். இது கைவிட்டுப் போனால் அண்ணன் வேறு வேலை தேடித் தரத்தான் செய்வார். ஆனால் இனிமேல் 'உனக்கு எதுக்கும்மா பெரிய வேலை' என்ற தொனியில் தருவார். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வேனில் ஏறிக் கதவைச் சாத்தியதுமே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"உன் லைட்டு மஞ்சளாத்தான் இருந்துச்சு அண்ணா. நான் எடுத்துவிட்டேன். எடுக்காம விட்டிருந்தா எல்லாக் குழந்தைக்கும் காமாலைன்னு சொல்லியிருப்பாங்க."

"என் லைட்டா? இத்தனை வருஷமா கேமரா பிடிக்கிறேன், என் லைட்டுல குறை சொன்ன முதல் ஆள் நீதான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் வெள்ளை அட்டையைக் காட்டி, வெள்ளையை வெள்ளையா வாங்கிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்."

"என் ஸ்கிரீன்ல நல்லா இருந்துச்சே! அதான் நான் எத்தனையோ தடவை சொன்னேன், லேப்டாப்பை நம்பி நிறம் பாக்கக் கூடாது, வெளிய ஒரு நல்ல மானிட்டர், அதுக்குப் படம் அனுப்ப ஒரு பெட்டி வாங்கலாம்னு..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு வீடு வரும்வரை கத்தரி பேசவில்லை. கத்தரி பேசாமல் இருந்தால் அது சாதாரண விஷயமல்ல. அண்ணன் ஓரக்கண்ணால் இரண்டு தரம் பார்த்தார். கோபம் மூக்குக்கு மேல் வந்தாலும் அவர் மனசு வெண்ணெய். தெருமுனையில் வேனை நிறுத்தி, "சரி, நாளைக்குக் காலையில கடைக்குப் போவோம். உன் பெட்டியையும் பாத்துடுவோம்" என்றார்.

கடை, மூன்று பக்கமும் கண்ணாடி அலமாரி வைத்த குறுகலான இடம். விற்பனையாளர் பேச ஆரம்பித்தால் மின்விசிறி மாதிரி, சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மேஜையில் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தார்.

முதலாவது, கட்டைவிரல் அளவுக்கு ஒரு குச்சி. "சார், இதுதான் இப்போ ஓடுது. கேம் விளையாடி நேரலையில போடுறவங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க. இந்தப் பக்கம் சொருகினா வெளிப்படம் லேப்டாப்புக்குள்ள வரும். அந்தப் பக்கம் சொருகினா லேப்டாப்பு ஸ்கிரீன் அப்படியே பெரிய மானிட்டர்ல தெரியும்."

இரண்டாவது, சோப்புப் பெட்டி அளவுக்குக் கறுப்பாக, எந்த அலங்காரமும் இல்லாமல் இருந்தது. அதைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை.

மூன்றாவதை இரண்டு கையாலும் தூக்கிவைத்தார். முன்னால் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். பின்னால் திரும்பிய இடமெல்லாம் ஓட்டை. அண்ணனுக்கு அதைப் பார்த்ததும் பெண் பார்க்க வந்தவர் போல முகம் மலர்ந்துவிட்டது.

"எத்தனை ஓட்டை இருக்கு பாரு கத்தரி! நாலு கேமராவை ஒரே நேரத்துல சொருகலாம்."

"நம்மகிட்ட ஒரு கேமராதானே அண்ணா இருக்கு."

"நாளைக்கு வாங்க மாட்டோமா?"

"நாளைக்கு வாங்கும்போது ஓட்டையையும் வாங்கிக்கலாம்" என்றாள். பிறகு விற்பனையாளரிடம் திரும்பினாள். "எனக்கு ரெண்டு வேலை ஆகணும். ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்ல ஓடுற படத்தை உள்ள இழுக்கணும். நான் எடிட் பண்ற படத்தை வெளிய பாக்கணும். இதுல எது கம்ப்யூட்டர் காட்டுற படத்தைக் காட்டும், எது படத்தை உள்ளபடி காட்டும்?"

விற்பனையாளர் முதல்முறையாக நின்றார். "ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"ஒண்ணா இருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கிறேன்?"

அவர் கறுப்புப் பெட்டியின் அட்டையைத் திருப்பி வாசித்துவிட்டு, "இது எடிட்டிங் சாஃப்ட்வேர்ல இருந்து நேரா எடுத்துக்கும். நடுவுல கம்ப்யூட்டர் ஸ்கிரீன் வராது" என்றார், தானே அப்போதுதான் தெரிந்துகொண்டவர் குரலில். கத்தரி அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தாள். அண்ணனோ விலையைப் பார்த்துவிட்டு, குச்சியே போதும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். பேரம், வாதம், மறுபடி பேரம். முடிவில், காட்சிக்கு வைத்திருந்த குச்சியையும் கறுப்புப் பெட்டியையும், அளந்து சரிபார்த்த ஒரு மானிட்டரையும் ஒருநாள் வீட்டில் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார் விற்பனையாளர். விளக்கு வைத்த பெட்டியை மட்டும் தரமாட்டேன் என்றார். அண்ணன் அதைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

மதியம் அண்ணன் வார்டுக்குப் போய் அந்த ஆரோக்கியமான குழந்தையைப் படமெடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் கத்தரி தன் அறையைத் தயார் செய்திருந்தாள். அறை என்றால், சமையலறைக்குப் பின்னால் பழைய துணியும் பெட்டியும் போட்டுவைத்திருந்த இடம். ஜன்னலுக்குக் கனமான திரை. ஒரு மேஜை, ஒரு லேப்டாப், முதுகு உடைந்த ஒரு நாற்காலி. மேஜையில் இப்போது புது மானிட்டர் மாப்பிள்ளை மிடுக்கோடு உட்கார்ந்திருந்தது.

முதலில் குச்சியைச் சொருகினார்கள். டாக்டர் திருப்பியனுப்பிய அதே படம் மானிட்டரில் வந்தது. நான்கு குழந்தைகள். லேப்டாப்பில் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. இரண்டாவதும் நாலாவதும் இலேசான மஞ்சள், மற்ற இரண்டும் நல்ல நிறம்.

"பாத்தியா? அச்சு அசல்" என்றாள் கத்தரி. அவள் குரலில் சந்தோஷம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "நான் பண்ணினது சரியாத்தானே இருக்கு?"

பிறகு கறுப்புப் பெட்டியைச் சொருகினார்கள். மானிட்டர் ஒருமுறை கறுத்துத் திரும்பி வந்தது. நான்கு குழந்தைகளும் குளிர்ந்த தண்ணீரிலிருந்து எடுத்துப்போட்ட மாதிரி நீலம் பாரித்துக் கிடந்தன.

"இது கோளாறு பிடிச்ச பெட்டி" என்றார் அண்ணன் உடனே. "குச்சியும் லேப்டாப்பும் ஒண்ணு சொல்லுது. ரெண்டு சாட்சி. இது தனியா நின்னு வேற சொல்லுது. கழட்டு."

கத்தரி கழற்றப் போனாள். கேபிளில் கைவைத்தவள் அப்படியே நின்றாள். கேபிளை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன?"

"நிலா வெளிச்சம்" என்றாள். "டாக்டரம்மா சொன்னது. 'எல்லாம் நிலா வெளிச்சத்துல கிடக்கிற மாதிரி'ன்னு. அண்ணா, நேத்து கூடத்துல பெரிய திரையில நாம பாத்தது இதைத்தான்."

அண்ணனுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. கூடத்தில் இருந்த திரை மட்டம் என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனிதர். ஆனால் திரையில் தெரிவது தெரிகிறதே. திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"நீ எடுத்த அசல் காட்சியைப் போடுறேன், நான் கைவைக்காதது" என்றாள்.

போட்டாள். அண்ணனின் கை ஒன்று வெள்ளை அட்டையைப் பிடித்தபடி வந்தது. அவர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் காட்டுகிற அதே அட்டை. கத்தரி எந்தக் காட்சியை எடுத்தாலும் முதல் வேலையாக அந்த அட்டையை வெட்டி எறிந்துவிடுவாள். அதை அவள் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் பார்த்தாள். மானிட்டரில் அட்டை சலவை செய்த துணிபோல் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. லேப்டாப்பில் அதே அட்டை மங்கலாக, பழைய செய்தித்தாள் நிறத்தில் இருந்தது.

சமையலறை அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து லேப்டாப் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். சந்தேகத்துக்கே இடமில்லை. லேப்டாப் முழுக்க முழுக்க மஞ்சளாக இருந்தது. இத்தனை மாதமாக அதன் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் கண் அதற்குப் பழகிவிட்டிருந்தது. அந்த மஞ்சளை அண்ணனின் விளக்கு என்று நினைத்து, அசல் படத்திலிருந்து சுரண்டிச் சுரண்டி எடுத்திருக்கிறாள். குழந்தைகளின் காமாலையையும் சேர்த்து.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்றாள் மெதுவாக. "குழந்தைக்கு இல்லை அண்ணா, என் லேப்டாப்புக்குத்தான் காமாலை." போன மாதம் விளம்பரம் எடுத்துக் கொடுத்த ஒரு கடைக்காரர், 'எங்க முகமெல்லாம் ஏன் குளிர்ல விறைச்ச மாதிரி இருக்கு' என்று கேட்டது ஞாபகம் வந்தது. அவரைக் கஞ்சப்பயல், குறை சொல்லிக் காசைக் குறைக்கப் பார்க்கிறான் என்று திட்டியிருந்தாள். பாவம் அந்த மனிதர்.

அண்ணன் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "ஒத்துக்கிறேன். கூடம் கோணல்தான்" என்றார்.

"நானும் உன் லைட்டைக் குறை சொல்லியிருக்கக் கூடாது."

"அதை எங்கயாவது எழுதிக் கொடுப்பியா?" என்றார் அண்ணன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு இருவரும் அப்போதுதான் சிரித்தார்கள்.

ஆனால் நல்ல லேப்டாப்புக்கு எப்படிக் காமாலை வந்தது? அந்த நேரத்தில் கத்தரியின் கணவர் வேலை முடிந்து உள்ளே வந்தார். பஸ் டிரைவர். இருட்டில் ஓட்டும்போது எதிர் விளக்கு கண்ணைக் குத்தாமல் இருக்க மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொள்கிற பழக்கம் அவருக்கு. அந்தக் கண்ணாடி இப்போதும் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், ரெண்டு பேரும் தாளை வச்சு விளையாடுறீங்க?"

"மாப்ளே, இந்த லேப்டாப்பு மஞ்சளாக் காட்டுது. எப்பலேர்ந்துன்னே தெரியலை."

"மழைக்காலத்துலேர்ந்து" என்றார் கணவர் சர்வசாதாரணமாக. "நான்தானே வச்சேன்."

அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"இவளுக்குத் தினமும் தலைவலி, கண் எரிச்சல்னு ஒரே பாடு. அதுல 'கண்ணுக்கு இதம்'னு ஒண்ணு இருந்துச்சு. தட்டினேன், என் கண்ணாடி மாதிரியே இதமா ஆயிடுச்சு. நேரம் காலம் இல்லாம வேலை பாக்கிறாளேன்னு எப்பவும் அப்படியே இருக்கிற மாதிரி வச்சுட்டேன்."

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேனே! 'இந்தாம்மா, லேப்டாப்புல ஒண்ணு மாத்தியிருக்கேன், அது என்னன்னா...'ன்னு ஆரம்பிச்சேன். 'சரி சரி, புரியுது'ன்னு வெட்டிட்டே. உனக்குப் புரிஞ்சிருச்சுன்னு நான் நிம்மதியாப் போய்ட்டேன்."

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கத்தரிக்குக் கோபம் வந்தது, எரிச்சல் வந்தது. அதற்கெல்லாம் மேலே, இந்த மனிதர் தன் தலைவலியை இத்தனை அக்கறையாகக் கவனித்திருக்கிறாரே என்று மனசு இளகியது. கோபத்தை யார்மேல் கொட்டுவது என்று தெரியாமல், "தலைவலி என்னவோ போயிடுச்சுங்க" என்றாள்.

"போயிடுச்சுல்ல?" என்றார் அவர் பெருமையாக.

'இதத்தை' அணைத்தார்கள். லேப்டாப் திரை சட்டென்று வெளுத்து, முகம் கழுவினாற்போல் ஆனது. கத்தரி தான் செய்த நிறத்திருத்தம் அத்தனையையும் நீக்கினாள். கறுப்புப் பெட்டி வழியாக மானிட்டரில் இரண்டாவது குழந்தையும் நாலாவது குழந்தையும் மஞ்சள் பூத்துத் தெரிந்தன. மற்ற இரண்டும் மாநிறமாக, சிவந்த உள்ளங்காலோடு இருந்தன. அதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. அண்ணன் முதலில் எடுத்ததே சரி. அவள் ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் போதும். வேலை முடிந்தது என்று அண்ணன் கேமராப் பையைக் கட்டத் தொடங்கினார்.

"இன்னைக்கு எடுத்ததையும் போட்டுப் பாத்துடலாம்" என்றாள் கத்தரி.

புதுக் குழந்தை வந்தது. முதலில் வெள்ளை அட்டை. அவள் இந்தமுறை அதை வெட்டாமல் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது. பிறகு குழந்தை. நல்ல கொழுகொழுவென்று கண்ணை மூடிக் கொட்டாவி விட்டது. டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி ஒரு நர்ஸின் விரல் வந்து குழந்தையின் நெஞ்சில் மெல்ல அழுத்தி எடுத்தது. விரலை எடுத்த இடத்தில் ஒரு கணம் ரத்தம் ஒதுங்கி, தோலின் உண்மையான நிறம் தெரியும். எந்தக் காமாலையையும் அங்கேதான் பார்க்க வேண்டும் என்று படத்திலேயே டாக்டர் பேசியிருக்கிறார்.

கத்தரி அந்தக் கணத்தில் படத்தை நிறுத்தினாள். விரல் பட்ட இடம் மஞ்சளாக இருந்தது.

"அண்ணா, இது நல்ல குழந்தைதானே?"

"ஆமா. நோயில்லாத குழந்தைன்னுதானே டாக்டர் காட்டச் சொன்னாங்க. வார்டுல பாக்கும்போது எனக்கு ஒண்ணும் தெரியலையே. ஆனா அங்க விளக்கு எல்லாம் ஒரு மாதிரி அழுக்கு மஞ்சள்." அண்ணன் குனிந்து பார்த்தார். திரும்ப ஓட்டச் சொன்னார். மறுபடியும் விரல், மறுபடியும் அதே மஞ்சள்.

"டாக்டருக்குப் போன் பண்ணணும்" என்றாள் கத்தரி.

"என்னன்னு சொல்வே? படம் எடுக்கிற நமக்கு வைத்தியம் எதுக்கு? நேத்து இருந்த காமாலையைக் காட்டத் தெரியலை. இன்னைக்கு இல்லாத காமாலையைக் காட்டினோம்னு வச்சுக்கோ, ஆஸ்பத்திரிப் பக்கமே நம்மளை விட மாட்டாங்க. அந்தப் பெட்டி நம்ம வீட்டுக்கு வந்தே ஒரு பொழுதுதான் ஆகுது."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கத்தரிக்கும் அது தெரியும். படத்தின் தலையெழுத்தே இன்னும் நிச்சயமாகவில்லை. இந்த நேரத்தில் அசடாகிவிட்டால் இனி ஒருவரும் அவள் கண்ணை நம்ப மாட்டார்கள். அவளே நம்ப மாட்டாள். மறுபடியும் அந்தக் கொட்டாவியைப் பார்த்தாள். நாளைக்குக் காலையில் அந்தக் குழந்தை துணியில் சுற்றி வீட்டுக்குப் போய்விடும்.

போனை எடுத்தாள்.

டாக்டர் முழுவதும் கேட்டார். "காலையில நான் பாத்தேனே, ஒண்ணும் இல்லையே" என்றார். "இது சாயங்காலத்துக்குள்ளகூட ஏறும், இல்லேன்னு சொல்லலை. ஆனா நேத்து அவ்வளவு நீலமாக் காட்டினீங்க. இன்னைக்கு மஞ்சள்ங்கிறீங்க. உங்க பெட்டியை நம்பலாமா?"

மற்ற நாளாக இருந்தால் டாக்டர் முடிக்கும் முன்பே 'நம்பலாம் டாக்டர்' என்று வெட்டியிருப்பாள். இன்றைக்குக் கேட்டு முடித்து, யோசித்துச் சொன்னாள்.

"பெட்டியை நான் இன்னைக்குத்தான் முதல்ல பாக்கிறேன் டாக்டர். ஆனா நீங்க நேத்து பாத்த நீலத்தை நீலம்னு காட்டினது இது ஒண்ணுதான். மத்த ரெண்டும் எனக்குப் பிடிச்ச மாதிரி காட்டிச்சு. வெள்ளை அட்டையும் இதுல வெள்ளையாத்தான் இருக்கு. நான் சொல்றது தப்பா இருந்தா..."

"சரி, வைங்க" என்று டாக்டர் வைத்துவிட்டார். ஊரார் பேச்சையெல்லாம் வெட்டியவளின் பேச்சை வெட்டவும் ஒரு ஆள் இருந்தார்.

பிறகு காத்திருந்தார்கள். கணவர் டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார், குடித்த யாரும் அதைச் சொல்லவில்லை. அண்ணன் ஏற்கெனவே சுருட்டியிருந்த கேபிளைப் பிரித்து மறுபடி சுருட்டினார். கத்தரி மானிட்டரை அணைத்துவைத்தாள். பார்க்கப் பார்க்க, மஞ்சள் கூடுவது மாதிரியும் இல்லாமல் போவது மாதிரியும் இருந்தது. தப்பாக இருந்துவிட்டால் நன்றாக இருக்கும், குழந்தைக்கு ஒன்றும் இருக்காது என்று ஒரு பக்கம் நினைத்தாள். தப்பாக இருந்துவிடக் கூடாதே என்று இன்னொரு பக்கம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

போன் அடித்தபோது மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள்.

"ரத்தம் பாத்தாச்சு" என்றார் டாக்டர். "காமாலை நல்லாவே கூடியிருக்கு. இப்பவே கண்டுபிடிச்சதால பயம் இல்லை, சிகிச்சை விளக்குக்குக் கீழ படுக்க வச்சிருக்கோம். ரெண்டு மூணு நாள்ல இறங்கிடும். வீட்டுக்குப் போயிருந்தா திரும்ப வர்றதுக்குள்ள என்னென்னவோ ஆகியிருக்கும்." நிறுத்திவிட்டு மறுபடி சொன்னார்: "குழந்தையோட அம்மாகிட்ட, படம் எடுக்கிற ஒருத்தங்க பாத்துச் சொன்னாங்கன்னு சொல்லியிருக்கேன். அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடாதீங்க."

கத்தரி போனை வைத்துவிட்டு முதுகு உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். கணவர் பதறிப்போய், "இனிமே உன் லேப்டாப்பைத் தொட மாட்டேம்மா" என்றார். அதைக் கேட்டு அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

மறுநாள் கடைக்குப் போனார்கள். அண்ணன் குச்சியைத் திருப்பிக் கொடுத்தார். விளக்கு வைத்த பெட்டியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி நடித்தார். "எங்களுக்கு எதிரா சாட்சி சொன்ன பெட்டி எதுவோ, அது போதும்" என்றார். விற்பனையாளருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

அடுத்த வகுப்பில் படம் மறுபடி ஓடியது. டாக்டர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் கூடத்தில் பாதிக் கைகள் உயர்ந்திருந்தன. போனமுறை எழுந்த அதே நர்ஸ்தான் முதலில் சொன்னாள். "ரெண்டாவதும் நாலாவதும் டாக்டர். மூணாவது தூங்குது." டாக்டர் சிரித்ததை அண்ணனும் தங்கையும் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். ஒப்பிட என்று எடுத்த ஐந்தாவது குழந்தையைப் படத்தில் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு டாக்டரே வழி சொன்னார். நல்ல குழந்தை வரிசையில் வேண்டாம், தனியாக வையுங்கள், சிகிச்சையையும் எடுத்துச் சேர்த்துவிடுங்கள் என்றார்.

அதற்கு முன்பே அண்ணன் வார்டுக்குப் போய் அதை எடுத்துவைத்திருந்தார். சாயங்காலம் கத்தரியின் அறையில் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தார்கள். காமாலைக்குச் சிகிச்சை தருகிற விளக்கு நீல விளக்கு. தொட்டிலும் துணியும் குழந்தையும், கண்ணை மறைத்துக் கட்டிய சின்னப் பட்டையும், கம்பிமேல் இருந்த அம்மாவின் கையும், எல்லாம் ஒரே நீலம். காட்சியின் தொடக்கத்தில் அண்ணன் வழக்கம்போல் காட்டிய வெள்ளை அட்டைகூட, எவ்வளவு சரிபண்ணியும் வெள்ளையாகாமல் நீலமாகவே இருந்தது. அந்த நீலத்துக்கு நடுவில் குழந்தை அசந்து தூங்கியது.

கத்தரியின் கை பழக்கத்தில் நிறம் திருத்தும் குமிழுக்குப் போனது. அண்ணன் அந்தக் கையை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் கத்தரி. இந்த நீலம் இருக்கட்டும். இதுதான் அதைக் குணமாக்குது."

"சரி..." என்று ஆரம்பித்தவள், அண்ணன் இன்னும் ஏதாவது சொல்லப்போகிறாரா என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள்.